நண்டுப் பெட்டியில் பொடி

கீழப்பழுவூரில் தங்கையின் வளைகாப்பை முடித்துக்கொண்டு மூன்றாம் நாள் மதியம் செங்கமலம் அரியலூர் திரும்பினாள். செருப்பைக் கழற்றும்போதே அந்தப் பூஞ்சை நாற்றம் மூக்கில் ஏறியது. பருத்திக் காட்டில் தூவுகிற பி.எச்.சி. பூச்சிமருந்துப் பொடி. பையைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

ஜன்னலோரம் முக்காலியின் மேலிருந்த கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வெள்ளைக் கோடு. பெட்டிக்குள் மணல்மீதும் மாவு சலித்தது போலப் பொடி. ஏழு சங்கு நண்டுகளில் மூன்று, சங்கை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தன. பிடித்து இழுத்தாலும் சங்கை விடாத ஜீவன்கள்.

அவள் கணவன் உத்திராபதி, சிமெண்ட் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போகிற லாரி டிரைவர். போன வருஷப் புயலுக்குப் பிறகு ஒரு நடையில் கடற்கரையில் பொறுக்கி வந்து, "காலிச் சங்குல குடியிருக்கு பாரு" என்று கொடுத்தான். விளையாட்டாகத்தான் வாங்கினாள். முதல் மாதமே ஒன்றை எறும்பு மொய்த்துத் தின்றது. அதிலிருந்து முக்காலியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள். தின்று மிஞ்சிய தேங்காய்ச் சில்லையும் கருவாட்டையும் விடிந்ததும் எடுத்துவிடுவாள். மாதம் ஒருமுறை மணலை வாணலியில் வறுத்து, ஆறவைத்துப் போடுவாள். மருந்து மட்டும் கூடாது, எறும்பைக் கொல்வது நண்டையும் கொல்லும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்க்கிற கொழுந்தன் நல்லதம்பியிடம் இரண்டு முறை.

"யாரு போட்டது?"

நல்லதம்பி கட்டிலை விட்டு எழவில்லை. "கிண்ணத்துல தண்ணி வத்திப்போச்சு அண்ணி. எறும்பு வரிசையா ஏறுச்சு. நல்லதுக்குத்தான் போட்டேன்."

"தண்ணிய ஊத்த வேண்டியதுதானே? பக்கத்துலயே குடம் இருக்கு."

"அடுத்த நடையில அண்ணன் வேற கொண்டாந்துடும். இதுக்குப் போயி."

அடுப்படியிலிருந்து மாமியார் பெரியம்மாள், "விடு தாயி, நண்டுதானே" என்றாள்.

ஆறு வருஷமாகச் செங்கமலம் எதைச் சொன்னாலும் இந்த வீட்டில் அதற்கு ஒரு 'தானே' இருந்தது. பதில் பேசினால் கத்திவிடுவோம் என்று தெரிந்தது. உயிரோடிருந்த நான்கையும் எடுத்து, உப்புத் தண்ணீரில் சங்கோடு அலசி, புது மணல் போட்ட சட்டியில் விட்டாள். கை கழுவ அடுப்படிக்குப் போனவள் அப்படியே நின்றாள். அரிசிப் பானையைச் சுற்றியும் அதே வெள்ளைக் கோடு. மூடியின் மேலும் பொடி.

"அரிசிலயும் போட்டியா?"

"பானைக்கு வெளியிலதான் அண்ணி. ஒரு எறும்பு உள்ள போச்சு, அதான் கொஞ்சம்..."

பெரியம்மாள் மடியிலிருந்த முறத்தைப் பார்த்தாள். இரவுச் சோற்றுக்கு எடுத்த அரிசி. முறத்தைத் தூக்கி எறிந்தாள். "எந்திரிடா பாவி. குடும்பத்தையே கொல்லப் பாத்தியா?"

"இப்ப மட்டும் கோவம் வருதா அத்தே?" செங்கமலம் அவள் எதிரே வந்து நின்றாள். "நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டப்ப காதுல விழலை. என் நண்டு செத்தா நண்டுதானே. உங்க சோத்துல விழுந்தாத்தான் அது வெஷமா?"

பெரியம்மாள் சிந்திய அரிசியைத் துடைப்பத்தால் ஒதுக்கினாள்.

பானை அரிசி முழுவதையும் செங்கமலம் கொல்லையில் குழி வெட்டி நல்லதம்பியைக் கொண்டே புதைக்க வைத்தாள். கூடத்தையும் அடுப்படியையும் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவ வைத்தாள். அவன் முணுமுணுத்தபோது, "மூலை விட்டுப்போச்சு, அதையும் தேயி" என்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைசி வாளி வரை நின்றாள்.

சாயங்காலம் இன்னொரு நண்டும் செத்தது.

இரண்டு நாள் கழித்து உத்திராபதி வந்தான். எல்லோரையும் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "இனிமே இந்த வூட்டுக்குள்ள அந்தப் பொடி வந்தா, மூணு நண்டையும் தூக்கிக்கிட்டு நான் எங்க ஊருக்குப் போயிடுவேன்." அவன் தம்பியை ஒரு பார்வை பார்த்தான். மிச்சமிருந்த பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்த் தம்பி வேலை பார்க்கிற கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தான்.

நல்லதம்பி மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சித்திரை மாதம் முழுக்கச் செங்கமலம் அவனோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், தட்டை ணங்கென்று வைத்து.