பகலில் காட்டிய தொண்ணூற்றேழு

மரக்காணம் உப்பளத்தில் பதினோரு மணிக்குக் கஞ்சி குடிக்கக் கரையேறினார்கள். தான் ஓட்டும் டிராக்டரின் நிழலில் உட்கார்ந்த மணிவண்ணன், இரண்டாவது வாய் குடிப்பதற்குள் தூக்குச்சட்டி மடியிலிருக்க அப்படியே தூங்கிப்போனான்.

"காலையிலயே ஏத்திட்டான் போலருக்குது" என்றார் மேஸ்திரி தட்சணாமூர்த்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி அமுதவல்லியும் சேர்ந்து சிரித்து வைத்தாள். பக்கத்து எக்கியார்குப்பத்தில் நடந்த விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு அந்தப் பக்கம் எவன் கண் சொருகினாலும் குடிகாரப் பட்டம்தான். பதினாறு வருஷத்தில் ஒருநாளும் அவன் வாயில் அந்த வாடை வந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"குடியெல்லாம் இல்லீங்க. ராவெல்லாம் கொறட்ட வுட்டு எங்கள எழுப்பிட்டு, பகல்ல இவரு தூங்குவாரு" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

அந்த மாசி மாதம் அவள் தங்கை பூவிழி வந்து ஓர் இரவு தங்கினாள். ஆரோவில் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை. விடிந்ததும் அக்காவைத் தனியே கூப்பிட்டாள். "மாமாவுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுக்கா. அப்புறம் மூச்சு முட்டி எழுந்திரிக்கிறாரு. நீ கவனிக்கலியா?"

"அது எப்பவும் அப்படித்தான்டி."

அடுத்த வாரம் பூவிழி, விரலில் மாட்டினால் ராத்திரி முழுக்க ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பதிவு செய்யும் சின்னக் கருவியைக் கொண்டுவந்தாள். காலையில் செல்போனில் வந்த கோடு பள்ளமும் மேடுமாகக் கிடந்தது.

"தொண்ணூத்தஞ்சுக்கு மேல நிக்கணும். மாமாவுக்கு எத்தினி வாட்டி எறங்கியிருக்குது பாரு. ஒரு வாட்டி எழுபத்தாறு. இத வச்சே வியாதின்னு முடிவு கட்ட முடியாது. பாண்டிச்சேரியில பெரிய ஆஸ்பத்திரியில தூக்கத்த டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். அதுவரைக்கும் மாமா வண்டி ஓட்டக் கூடாது."

மணிவண்ணன் கருவியை வாங்கி, விழித்தபடியே விரலில் மாட்டிக்கொண்டான். தொண்ணூற்றேழு. "பாத்தியா? சூப்பரா இருக்குது. கொறட்டைக்கு எவனாவது ஆஸ்பத்திரி போவானா?"

"முழிச்சிருந்தா நல்லாத்தான் மாமா காட்டும். தூங்கும்போதுதான் தொண்ட அடச்சிக்குது."

பூவிழி அக்காவைப் பார்த்தாள். அமுதவல்லி சொன்னாள்: "சீசன் முடியட்டும்டி. மழ வந்தா போலாம்."

வைகாசியில் ஒரு மத்தியானம், உப்பு மூட்டை ஏற்றிய டிராக்டர் நேரான வரப்பிலிருந்து விலகி வாய்க்காலில் கவிழ்ந்தது. முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் மணிவண்ணன் கண்விழித்தான். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த சுமைகூலி கண்ணாயிரம் டிரெய்லருக்கு அடியில் கிடந்தார். தூக்கி எடுத்தபோது உயிர் இல்லை.

ரத்தப் பரிசோதனையில் சாராயம் இல்லை என்று வந்தது. ஊர் அதை நம்பவில்லை. அதற்குப் பிறகுதான் பாண்டிச்சேரிக்குப் போனார்கள். பூவிழி சந்தேகப்பட்டது சரிதான். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். சில வாரங்களில் பகல் தூக்கம் போய்விட்டது. தெளிந்த கண்ணோடு மணிவண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அமுதவல்லி அந்த ஆஸ்பத்திரி சீட்டை எடுத்துக்கொண்டு கண்ணாயிரத்தின் மனைவி ஆராயியிடம் போனாள்.

"அவரு குடிக்கலக்கா. தூக்கத்துல மூச்சு அடைக்கிற வியாதியாம். டாக்டரே எழுதியிருக்காரு."

ஆராயி சீட்டை வாங்கவில்லை. "எப்ப தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். அமுதவல்லிக்கு வாய் வரவில்லை. "மாசியில. தங்கச்சி மெஷின் வச்சிப் பாத்து சொன்னா."

நீட்டிய சீட்டை ஆராயி தள்ளிவிட்டாள்.

"குடிகாரன் கவுத்துட்டான்னா என் தலையெழுத்துன்னு இருந்திருப்பேன். நீ தெரிஞ்சே அனுப்பியிருக்கியே! தூங்குறவனுக்குத் தன் மூச்சு நிக்கிறது தெரியாதுடி. பக்கத்துல படுக்கிறவளுக்குத்தான் தெரியும். அவ அதச் சிரிப்பாக்கிட்டு, அப்புறம் பாக்கலாம்னு தள்ளிப்போட்டா, சாவுறது அவன் மட்டும் இல்ல, அவன நம்பி வண்டியில ஏறுனவனும்தான். இந்தச் சீட்ட எனக்குக் காட்டாத. புருஷன் கொறட்டையக் கேட்டு சிரிக்கிறாளுவளே, அவளுங்கள்ல ஒருத்திய வுடாம போயிக் காட்டு."