ஸ்க்ரூ மேல் ஒரு சிவப்புக் கோடு

அலுவலகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பதினோரு வருஷமாகக் காதல் நாவல்களுக்குப் புரூஃப் பார்க்கிறேன். ஒரு கமா இடம் மாறி உட்கார்ந்தாலும் என் கண்ணிலிருந்து தப்பாது. ஆனால் கதையை மட்டும் நான் படிப்பதே இல்லை. ஆறடி உயரத்தில் ஒருத்தன், மழை, ஒரே குடை, கடைசிப் பக்கத்தில் சமாதானம். இதில் படிக்க என்ன இருக்கிறது?

"இதைப் போய் எப்படித்தான் விழுந்து விழுந்து படிக்கிறாங்களோ!" என்று ஒருமுறை முதலாளியம்மாவிடம் அலுத்துக்கொண்டேன்.

"மழையும் குடையும் யாருக்கும்மா வேணும்? அவன் அவளைக் கவனிக்கணும். அது படிக்கிறவளுக்கு முதல்ல தெரியணும், கதாநாயகிக்குக் கடைசியாத்தான் தெரியணும். உனக்கு எப்போடி புத்தி வரும்னு படிக்கிறவ திட்டிக்கிட்டே பக்கத்தைப் புரட்டணும். அதுல இருக்கிற சுகம் வேற எதுலயும் வராது" என்றார்.

சரிதான் என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

இந்தத் திங்கட்கிழமை ஒரு புது நாவல் மேஜைக்கு வந்தது. புனைபெயர். இருபத்திரண்டு அத்தியாயம், கடைசி அத்தியாயம் இன்னும் வரவில்லை என்று மேலே குறிப்பு. வழக்கம்போல எழுத்தை மட்டும் மேய்ந்துகொண்டு போனவள், நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றேன். 'அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவளுடைய கண்ணாடியின் ஸ்க்ரூவை இறுக்கி, அதன்மேல் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்றைப் போட்டு வைத்தான்.'

என் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு பக்க ஸ்க்ரூ மேலும் மயிரிழை மாதிரி சிவப்புக் கோடு.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஸ்க்ரூவை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது அவர்கள் வழக்கம். ஸ்க்ரூ தளர்ந்தால் கோடு இரண்டாக விலகும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். வேலையிடத்தில் செய்யட்டும், யார் வேண்டாமென்றது? இந்த மனுஷன் வீட்டிலும் செய்வார். குக்கர் கைப்பிடி, நாற்காலிக் கால், ஜன்னல் கொக்கி, ஒன்று பாக்கியில்லை. பெண்டாட்டியின் மூக்குக் கண்ணாடிக்குக் கோடு போடுகிற ஆண்பிள்ளை உலகத்தில் இன்னொருவன் இருப்பானா?

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நாவலைக் கதைக்காகப் படித்தேன். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் அவன் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். எழுபத்து மூன்றில் ரொட்டியின் காய்ந்த ஓரங்களைத் தான் எடுத்துக்கொண்டு நடுத்துண்டுகளை அவள் தட்டில் வைத்தான். தொண்ணூறில் தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொண்டான், அவள் கண்ணுக்கு வேலை போதும் என்று. எல்லாம் அவரேதான். எவளோ ஒருத்தி என் வீட்டுக்காரரை அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். எனக்கு எரிச்சலாக இருந்த ஒவ்வொன்றையும் உருகி உருகி எழுதியிருக்கிறாள்.

இதில் கூத்து என்னவென்றால், அவரை விட்டுப் போக இருந்தவளே நான்தான். பத்தொன்பது வருஷத்தில் 'இந்தச் சேலை நல்லாயிருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுவரோடு குடித்தனம் நடத்தியது போதும் என்று, இரண்டு வாரத்துக்கு முன்னால் ஓர் ஒற்றை அறை பார்த்துவிட்டேன். மாதக் கடைசியில் போவதாக ஏற்பாடு. விட்டுப் போகிற ஆளை இன்னொருத்தி பார்த்தால் எனக்கென்ன? அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் உட்கார முடியவில்லை.

முதலாளியம்மாவிடம் ஓடினேன். "யார் மேடம் இதை எழுதினது?"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம்மா. ஏன், அவ்வளவு தப்பா?"

"தப்பே இல்ல மேடம். அதான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திரும்பி வந்து இருபத்தோராம் அத்தியாயத்தைப் பிரித்தேன். அதில் கதாநாயகி வாடகைக்குப் பிடித்த அறையின் சாவியை ஊசி நூல் டப்பாவில், நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

என் சாவி அங்கேதான் இருக்கிறது. அது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். என் அக்காவுக்கு.

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். தனிக்கட்டை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான் போய் நின்றபோது ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோன தாள்களை அவள் முன்னால் போட்டேன்.

"நீயா?"

அக்கா முதல் தாளைப் பார்த்தாள். "படிச்சிட்டியா? நீதான் கதையே படிக்க மாட்டேன்னு சொன்ன. அந்தத் தைரியத்துலதான் அங்க குடுத்தேன்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொல்லுக்கா. உனக்கும் அவருக்கும்..."

"அடிப்பாவி!" லென்ஸ் அவள் கையிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது. "அவர் என்கிட்ட இத்தனை வருஷத்துல பத்து வார்த்தை பேசியிருப்பாரா? தெனம் ஆறு மணிக்கு எனக்கு போன் பண்றது யாரு?"

கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தாள். தேதி போட்டு, அவள் கையெழுத்தில், நான் பேசியது. 'கண்ணாடில கோடு போட்டு என் மானத்தை வாங்குறாருக்கா.' 'பஸ் நம்பரை எழுதி வெச்சுக்கிறாரு, நான் என்ன பார்சலா?' 'நடுத்துண்டையெல்லாம் என் தட்டுல தள்ளி என்னைக் குண்டாக்குறாரு.' 'பொத்தான் தைக்கக்கூட நான் லாயக்கில்லையாம், அவரே தைச்சுக்கிறாரு.' பக்கம் பக்கமாக என் புலம்பல்.

"எல்லாம் நீ சொன்னதுதான்" என்றாள். "திட்டை மட்டும் எடுத்துட்டேன். மிச்சம் இருந்ததை எழுதினேன்."

அவள் என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கடைசி அத்தியாயம் எங்க?" என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லணும். போறியா, இருக்கியா?"

எனக்கு வீம்பு அதிகம். "போறேன்" என்று கத்திவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு நேராக அந்த அறைக்குப் போனேன். மூன்றாவது மாடி, ஒரு கட்டில், ஒரு ஜன்னல், குழாயடியில் ஒரு வாளி. உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது.

முதல் நாள் பார்த்தபோது அது ஒரே ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றித் தருவதாக வீட்டுக்கார அம்மா சொல்லியிருந்தாள். பரவாயில்லையே, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாளே என்று குனிந்து பார்த்தேன். கனமான புதுத் தாழ்ப்பாள். நாலு ஸ்க்ரூ. நாலின் மேலும் சிவப்புக் கோடு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பொத்தான் தைக்கிற மனுஷன் இருக்கிற வீட்டில், ஊசி நூல் டப்பாவில் சாவியை ஒளித்து வைத்த முட்டாள் நான். சாவியில் தொங்கிய அட்டையில் விலாசம் இருந்தது. வந்திருக்கிறார். ஒரே ஆள் படுக்கிற கட்டிலைப் பார்த்திருக்கிறார். நான் ராத்திரி தனியாகத் தூங்கப்போகிற இடத்துக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சாவியைத் திரும்ப நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டு, இன்று காலையிலும் பஸ் ஸ்டாப்பில் நின்று என் பஸ் நம்பரை எழுதிக்கொண்டார். போகாதே என்று சொல்லவில்லை. தெரியும் என்றுகூடச் சொல்லவில்லை. முதலாளியம்மா சொன்ன, கடைசியாகத் தெரிந்துகொள்கிற அந்த ஆள் நான்தான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, போன் அடித்தது. அக்கா. மணி ஆறே கால் ஆகியிருந்தது.

"என்னடி, இன்னைக்கு போனையே காணோம்? எங்க இருக்க?"

திட்டுவதற்கு வாயைத் திறந்து பழகியவள் நான். திறந்தேன். திட்டு ஒன்றும் வரவில்லை.

"ஏய், பேசேன். பயமா இருக்குடி."

விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட விலகவில்லை.

"நோட்டை எடுக்கா" என்றேன். "கடைசி அத்தியாயம். எழுதிக்கோ."