அங்கே மஃரிப் ஆகும் நேரம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேன் காற்று படுகிற பக்கமாகவே உட்காருங்கள். ஒரு விளக்கின் கதை சொல்கிறேன். பேய்க்கதை மாதிரிதான் ஆரம்பிக்கும். பயப்படாதீர்கள், இதில் பேய் கிடையாது.

திருமலைராயன்பட்டினத்தில் ரோஷன் பேகம் என்று ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் காதர் பாட்சாவுக்கு முழங்கால் முடங்கிப்போய், எழுந்து சுவிட்சைத் தட்ட முடியாமல் ஆனது. கத்தாரில் வேலை பார்க்கும் மகன் சஃபியுல்லா லீவில் வந்தபோது, வாப்பாவின் அறையில் விளக்கையும் ஃபேனையும் போனிலிருந்தே போடுகிற ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டிக் கொடுத்தான். அவர் படுத்தபடியே ஃபேனைச் சுற்றவிடுவார், நிறுத்துவார், மறுபடி சுற்றவிடுவார். விளையாட்டுச் சாமான் கிடைத்துவிட்டது என்று இவள் கேலி செய்வாள்.

ஒரு நாள் காலையில் அவர் மவுத்தானார். சஃபியுல்லா போன் செய்து, விடிவதற்குள் வந்துவிடுகிறேன், அதுவரை வைத்திருங்கள் என்று கெஞ்சினான். மய்யித்தைக் காக்க வைக்கக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். இவளும் தலையசைத்தாள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது. மறுநாள் வந்தவனுக்குக் கிடைத்தது ஈரமண்தான்.

"ஒரு ராத்திரி பொறுக்க முடியலயா உம்மா?"

அதோடு சரி. கத்தாருக்குத் திரும்பியவன் அவளோடு பேசவில்லை. சேதியெல்லாம் போலகத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் தங்கை ரிஃபானாவோடுதான். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அதன்பிறகுதான் அந்த விளக்கு. இவள் ராத்திரி இஷா தொழுது, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காருகிற நேரம் பார்த்து, ஆளில்லாத அறையில் தானாக எரியும். ஃபேனும் சுற்றும். கொஞ்ச நேரத்தில் தானாக அணையும். நெட் சரியில்லாத நாளில் மட்டும் ஒன்றும் நடக்காது. அவள் பயந்து சோற்றை அப்படியே மூடிவைத்துவிடுவாள். ஆனால் புருஷனை இழந்தவள் துக்கம் காத்து இத்தா இருக்கிற காலத்தில் வெளி ஆண்பிள்ளையை வீட்டுக்குள் கூப்பிட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இத்தா முடிந்ததும் வரிச்சிக்குடி எலெக்ட்ரீஷியன் பூமிநாதனை வரவழைத்தாள். அவர் போர்டைக் கழற்றி, தளர்ந்திருந்த ஒயரை முறுக்கினார். வைஃபை பெட்டியை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டார். அன்றைக்கும் விளக்கு எரிந்தது. மறுநாள் வந்தவர், வேறு யாராவது போனிலிருந்து போடுகிறார்களா, பிள்ளையைக் கேட்டுப் பார்த்தீர்களா என்றார்.

"அந்தப் புள்ள எங்கிட்ட பேசுறதே இல்லீங்க. உம்மா மேல இல்லாத நெனப்பு வெளக்கு மேலயா வரப்போவுது?"

பூமிநாதன் மறுபடி போர்டுப் பக்கம் போனார். சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பிடித்து, பழைய இணைப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டார். ராத்திரி அறை இருட்டாகவே கிடந்தது. அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரிஃபானா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வெளக்குலேந்து காக்காவ எடுத்துட்டீங்களா உம்மா?"

கத்தாரில் பொழுது சாய்ந்து மஃரிப் ஆகிற நேரம் நமக்கு இஷா தாண்டிவிடும். அங்கே சஃபியுல்லா தொழுதுவிட்டு, போனைத் தொட்டு வாப்பாவின் அறையில் விளக்கைப் போட்டு, அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வாப்பாவுக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி முடித்து, பிறகு அணைப்பானாம். ஃபேன் எதற்கு என்று தங்கை கேட்டதற்கு, வாப்பாவுக்குப் புழுங்குமே என்றானாம். இப்போது எதைத் தொட்டாலும் வேலை செய்யவில்லை. வாப்பா முகத்தைத்தான் காட்டவில்லை, வாப்பா அறையையும் சாத்திவிட்டார்கள் என்று அழுதிருக்கிறான்.

ரோஷன் பேகம் அப்போதே போனை எடுத்தாள். பூமிநாதனுக்குப் போன் போட்டாள். அழித்தது அழித்ததுதான், பிள்ளையே நேரில் வந்து தன் போனில் புதிதாகச் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு என்று சொல்லி, அவரும் வருத்தப்பட்டார்.

சஃபியுல்லாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. வாட்ஸப்பில் குரலை அனுப்பினாள்.

"சஃபி, ஒன்ன எடுக்கணும்னு எடுக்கலடா. வாப்பா ரூம் இருட்டா கெடக்கு. நீ வந்து சேத்துவுடு."

இரண்டு டிக்கும் நீலமானது. பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஆனால் அந்த அறை இருட்டாக இல்லை. கத்தாரில் மஃரிப் ஆகும் நேரம் எது என்று கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறாள். சோற்றுத் தட்டை மூடிவைத்துவிட்டுப் போய், தன் கையாலேயே விளக்கைப் போடுகிறாள். ஃபேனையும் போடுகிறாள். யாசீன் ஓதி முடிகிற அளவு அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அணைக்கிறாள். அது அவனுக்குத் தெரியாது.

நீங்கள் நல்லா இருக்கணும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எந்த அறையும் யாருக்காகவும் காத்துக் கிடக்காமல், போனவர்கள் எல்லோரும் சுகமாகத் திரும்பி வந்து, விளக்கைத் தங்கள் கையாலேயே போடட்டும்.