கையுறை ஏரியில் மீன் இல்லை

பிரெஸ்காட் எங்கள் சமையலறை மேசைக்குத் தராசு கொண்டுவந்த நாளில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. மாவு நிறுக்கும் சின்னத் தராசு. அதில் தன் பல் துலக்கும் பிரஷை வைத்தான். அதன் கைப்பிடியைப் பாதிக்கு மேல் வெட்டியிருந்தான். மலையேறும்போது ஒவ்வொரு அவுன்ஸும் முதுகில் உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பிக்கும் என்று விளக்கம் சொன்னான். டோபின் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு வருடமாக அது நான் சொல்லும் ஜோக்குகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது.

டோபின் என் அறைத்தோழன். இருவருமே மொன்டானாவில், மலைப் பூங்காவை ஒட்டிய இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்க் கல்லூரியிலேயே சேர்ந்தவர்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் லார்ச் மரங்கள் மஞ்சளாகும். அதற்கும் கணவாயைப் பனி மூடுவதற்கும் நடுவே ஐந்தாறு நாள் கிடைக்கும். அப்போது நாங்கள் இருவரும் மூட்டையைக் கட்டி முதுகில் போட்டுக்கொண்டு எங்கள் ஏரிக்குப் போவோம். ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம், என் அம்மாவுக்கே சொன்னதில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காலண்டரில் அந்த ஐந்து கட்டங்களிலும் 'பல் டாக்டர்' என்று எழுதிவைப்போம். ஐந்து நாள் தொடர்ந்து பல் டாக்டரிடம் போகிறவன் வாயில் என்னதான் கோளாறு என்று யாரும் கேட்டதில்லை. இந்த ஊரில் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் அப்படி ஒரு நோய் உண்டு.

இதுதான் கடைசி முறை. மே மாதம் பட்டம் வாங்கியதும் டோபின் அலாஸ்காவுக்கு வேலைக்குப் போகிறான். அதனால் இந்த ஐந்து நாளை நான் ஜூன் மாதத்திலிருந்தே மனதுக்குள் செலவு செய்துகொண்டிருந்தேன்.

பிரெஸ்காட் கனெக்டிகட்காரன். போன ஜனவரியில் எங்கள் கல்லூரிக்கு மாறி வந்து, நிலவியல் வகுப்பில் டோபினின் பக்கத்தில் உட்கார்ந்தவன். வகுப்பில் நாற்பது நாற்காலிகள் இருந்தன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அவனிடம் டைட்டானியம் ஸ்பூன் இருந்தது. இரண்டே பவுண்ட் எடையில் மூன்று பேர் படுக்கும் கூடாரம் இருந்தது. போதாததற்கு நல்லவனாகவும் இருந்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கள் பாத்திரங்களைக் கழுவிவிட்டுத்தான் போவான். இப்படிப்பட்டவனை எந்த முகாந்திரத்தில் வெறுப்பது?

முகாந்திரம் அன்றைக்கே கிடைத்தது. நான் ஓட்ஸ் பொட்டலங்களை நாள்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவன் என் தூண்டில் சுருளை நிறுத்தபடி ரொம்ப சாதாரணமாகக் கேட்டான்.

"அப்ப, பல் டாக்டர்கிட்ட மூணு பேரா போறோமா?"

நான் டோபினைப் பார்த்தேன். டோபின் உருளைக்கிழங்குப் பொடியின் பையைத் திருப்பி, பின்பக்கம் அச்சடித்திருந்த செய்முறையைப் படிக்க ஆரம்பித்தான். வெந்நீர் ஊற்றிக் கிளற வேண்டும், அவ்வளவுதான். அதை இரண்டு நிமிடம் படித்தான்.

ஏரியின் பெயரைச் சொல்லவில்லை, வருகிறாயா என்றுதான் கேட்டேன் என்று பிறகு டோபின் விளக்கினான். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன், பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்து மூன்று பேர் என்றும் சொல்லிவைத்தேன். தங்கும் அனுமதிச் சீட்டுக்கு என் பேரில்தான் முன்பதிவு. போகிறவர்கள் பெயரை எழுதி, திங்கட்கிழமைக்குள் பூங்கா அலுவலகத்தில் கொடுக்க வேண்டியவனும் நான்தான். பேனா என் கையில் இருக்கும்போது பெருந்தன்மைக்கு என்ன குறைச்சல்?

ஆனால் அவனாகவே விலகிக்கொண்டால் இன்னும் கௌரவமாக இருக்கும். அதற்கு எங்கள் ஊரே ஒரு வழி செய்துவைத்திருக்கிறது. அதன் பெயர் கையுறை ஏரி.

இங்கே யாரும் தன் ஏரியைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்டவனைச் சும்மா அனுப்புவதும் மரியாதை இல்லை. அதனால் புதிதாக யார் கேட்டாலும் கையுறை ஏரிக்குப் போகச் சொல்வோம். பெட்ரோல் பங்க்கில் சொல்வார்கள், தூண்டில் கடையில் சொல்வார்கள், தேவாலயத்தில்கூட சொல்வார்கள். ஒன்பது மைல் ஏற்றம், அதில் கடைசி இரண்டு மைல் உருளும் கற்கள். மேலே போனால் கண்ணாடி மாதிரித் தண்ணீர், உள்ளே ஒன்றும் கிடையாது. ஏதோ ஒரு கடுங்குளிரில் இருந்த மீனெல்லாம் செத்துப்போனது என் அப்பா காலத்துச் செய்தி. எங்கள் ஊர்க்காரன் எவனும் அங்கே போனதில்லை. தானே சொல்லும் பொய்யைப் பார்க்க ஒன்பது மைல் நடப்பானா ஒருவன்?

வெள்ளிக்கிழமை பிரெஸ்காட்டைத் தனியாகக் கூப்பிட்டு, கையால் வரைந்த வரைபடம் ஒன்றைக் கொடுத்தேன். எங்கள் ஏரிக்குப் போவதற்கு முன் இங்கே ஒரு ராத்திரி தங்கிப் பழகிக்கொள், இது நான் மட்டும் போகும் இடம், யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். நம்பும்படி இருக்கட்டும் என்று வரைபடத்தின் மூலையில் ஒரு காப்பிக் கறையும் வைத்திருந்தேன்.

அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"இந்த ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆச்சுடா ஹோலிஸ். ஒரு ஆள்கூட எனக்கு ஒரு ஏரி சொன்னதில்ல."

கடைகளில் கேட்கும் பழக்கமே அவனுக்கு இல்லை போலிருக்கிறது. என் மனசாட்சி ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான், பிறகு சரியாகிவிட்டது.

சனிக்கிழமை விடியும் நேரம், ஜன்னலுக்குக் கீழே அவன் கார் வந்து நின்றது. மூட்டையைப் பின்னால் போட்டான். கதவு சாத்தும் சத்தம் ஒன்றுதான் கேட்க வேண்டும், இரண்டு கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். டோபினின் படுக்கை காலி. மேசையில் ஒரு சீட்டு: 'அவன் கையுறை ஏரிக்குப் போறானாம். தனியா விட மனசு வரல.'

அதில் என்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு நாளும் நான் வீட்டில் உட்கார்ந்து திட்டமிட்டேன். கரடி திறக்க முடியாத டப்பாவில் ஐந்து நாள் சாப்பாட்டை அடுக்கினேன், எடுத்தேன், மறுபடி அடுக்கினேன். நான் இல்லாமல் டோபின் ஒரு மலையில் இருப்பது இதுதான் முதல் தடவை. இப்போது கற்களில் ஏறிக்கொண்டிருப்பார்கள், இப்போது பிரெஸ்காட்டின் கொப்புளம் உடைந்திருக்கும், இப்போது டோபின் அவனுக்கு மருந்துப் பட்டை ஒட்டிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கடைசிக் கட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்தார்கள். இருவருக்கும் மூக்கு சிவந்திருந்தது. டோபினின் மீன் அள்ளும் கைவலையில் தலை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

எங்கள் ஊர் மீன்காரர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றும் பிடிக்காதவன் அரை மணி நேரம் பேசுவான். காற்றின் திசை, தண்ணீரின் குளிர், தூண்டில் முள்ளில் மாட்டும் பொய் ஈயில் கட்டிய இறகின் நிறம் என்று எல்லாம் வரும். நிறையப் பிடித்தவன் ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்வான்.

"எப்படிடா இருந்துச்சு?" என்றேன்.

"சுமார்" என்றான் பிரெஸ்காட்.

கனெக்டிகட்காரன் வாயில் அந்த வார்த்தை. யார் சொல்லிக்கொடுத்தது? நான் டோபின் பக்கம் திரும்பினேன். என்னிடம் மட்டும் அவன் அப்படிச் சொன்னதே கிடையாது. எனக்கு எப்போதும் முழு எண்ணிக்கையும், ஒவ்வொரு மீனின் நீளமும், தப்பித்துப் போனவற்றின் குணநலன்களும் கிடைக்கும்.

"சுமார்டா" என்று சொல்லிவிட்டு டோபின் குளிக்கப் போனான். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை பால் எடுக்கப் போனபோது காலண்டரைப் பார்த்தேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் 'பல் டாக்டர்' ஐந்தும் அடிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு மேல், டோபினின் கோழிக்கிறுக்கலில், 'கண் டாக்டர்.'

பால் ஊற்றாமலேயே ஓட்ஸைத் தின்றேன். புது ஏரி, புதுப் பெயர், புது ஆள். பல் எனக்கு, கண் அவனுக்கு.

பூங்கா அலுவலகத்துக்கு நடந்தே போனேன். போகும் வழியில் படிவத்தை எடுத்து, சுவரில் வைத்து நிரப்பினேன். ஹோலிஸ், டோபின். மூன்றாவது வரியை வெறுமனே விடாமல் குறுக்கே கோடு போட்டேன். கொஞ்சம் அழுத்திவிட்டதில் காகிதம் கிழிந்தது.

கவுண்டரில் வெர்னா ஸ்டாடர்ட் இருந்தார். முப்பது வருடமாகப் பூங்காவில் வேலை பார்ப்பவர். யாருடைய பல் டாக்டர் எந்த ஏரியில் இருக்கிறார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். செத்தாலும் சொல்ல மாட்டார். படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"போன வாரம் போன்ல மூணு பேருன்னியே தம்பி."

"ஒருத்தனுக்குக் கால் சரியில்லை மேடம்."

அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்க, நான் சுவர்ப் பலகையைப் பார்த்தேன். எந்த ஏரியில் எந்தத் தேதிக்கு எத்தனை பேர் என்று அதில் எழுதியிருக்கும், ஆள் பெயர் இருக்காது. கையுறை ஏரி, செப்டம்பர் கடைசி வாரம்: மூன்று பேர், ஒரு கூடாரம்.

மூன்றா? இரண்டு என்றாலாவது புரிந்திருக்கும். மூன்றாவது எவன்? கனெக்டிகட்டிலிருந்து இன்னொரு வெட்டிய பிரஷ் வருகிறதா? எனக்குப் பதிலாக ஆளே எடுத்துவிட்டார்களா? குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, கையுறை ஏரியில் மீனே கிடையாதே மேடம் என்றேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்பே ஹெலிகாப்டரில் கொண்டுபோய் ஆயிரத்தைந்நூறு டிரவுட் மீன் குஞ்சுகளை விட்டார்களாம். மீன் விட்ட ஏரிகளின் பட்டியல் வாசல் கதவிலேயே ஒட்டியிருக்கிறதாம். உள்ளூர்க்காரன் ஒருவனும் நின்று படிப்பதில்லையாம், எல்லாம் தெரிந்தவர்களாம். இதை அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். பிறகு தட்டச்சை நிறுத்தினார்.

"இந்தக் கம்ப்யூட்டர் உன் சீட்டை எடுத்துக்க மாட்டேங்குது. நீங்க ரெண்டு பேருமே அதே தேதிக்கு வேற எடத்துல இருக்கீங்க."

"எங்க?"

அவர் சுவர்ப் பலகையைத் தாடையால் காட்டினார்.

"நேத்து எறங்கி வந்த கையோட எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. கால் சரியில்லாத அந்தப் பையன்தான் கையெழுத்துப் போட்டான். நல்லாத்தான் நடந்தான்."

நான் கிழிந்த படிவத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ஒரே ராத்திரி ரெண்டு ஏரியில தூங்க முடியாது தம்பி. எதை விடறே?"

நான்கு வருடமாக அம்மாவுக்குக்கூடச் சொல்லாத பெயர் அது. வாய்விட்டுச் சொன்னால்தான் ரத்து செய்ய முடியும் என்பது விதி. சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவன் பேனா தேடும் சத்தம் கேட்டது.

வீட்டில் சமையலறை மேசையில் மறுபடி தராசு. பிரெஸ்காட் என் ஓட்ஸ் பொட்டலங்களை நிறுத்து முடித்து, என் தூண்டில் சுருளை அதில் வைத்துக்கொண்டிருந்தான்; பக்கத்தில் டோபின் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினான். படத்தில் டோபின் ஒரு மீனை ஏந்திக்கொண்டிருந்தான். நான் பிடித்த மீன்கள் எல்லாம், கையை எவ்வளவு நீட்டிப் படம் எடுத்தாலும், என் சட்டைப் பொத்தான்களைத்தான் மறைக்கும். இது டோபினின் மார்பையே மறைத்தது.

நேற்றே காட்டிவிடத் துடித்தானாம், டோபின்தான் வாயை அடைத்து, 'சுமார்' என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தானாம். அனுமதிச் சீட்டு உறுதியானதும் இன்றைக்குச் சொல்லலாம் என்று ஏற்பாடாம்.

"உன் ஏரி. நீ இல்லாம போனா திருட்டுத்தனம் மாதிரி இருக்கும்டா. அதான் முதல் பேரா உன் பேரப் போட்டேன்."

என் பேண்ட் பாக்கெட்டில் இருந்த படிவம் தொடையில் குத்தியது.

அவன் பாத்திரம் கழுவத் திரும்பினான். தண்ணீர்ச் சத்தத்துக்கு மறைவில் டோபின் என் பக்கம் குனிந்தான்.

"அது உன் ஏரின்னு அவன் நம்பறான். நீயும் நம்பிடு."

"கோவமாடா?"

"ஏறும்போது இருந்துச்சு. மேல போனதும் மறந்துட்டேன்."

கோபத்தைக்கூட அவனோடு போய்த்தான் மறந்திருக்கிறான். நான் தலையாட்டிவிட்டு, கூடாரத்தில் நடுவில் யார் படுப்பது என்று கேட்டேன். நடுவில் பிரெஸ்காட்தானாம். அவன் குளிர் தாங்க மாட்டானாம்.

குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பிரெஸ்காட் எதிரில் வந்து உட்கார்ந்தான். என் பழைய தூண்டில் சுருளைத் தராசிலிருந்து மரியாதையாக எடுத்துத் தள்ளிவைத்தான்.

"அந்த ஏரிய எப்படிடா கண்டுபிடிச்ச?"

டோபினும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்கும் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

நான் பேச ஆரம்பித்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது என்றேன். மேற்கிலிருந்து காற்று என்றேன். வழி தவறிப்போன ஒரு எல்க் மானைப் பின்தொடர்ந்து போனதாகச் சொன்னேன். தண்ணீரின் குளிர், கற்களின் நிறம், முதல் மீன் கடித்த பொய் ஈயில் எந்தப் பறவையின் இறகு இருந்தது என்பதுவரை சொன்னேன். பிரெஸ்காட் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

முடித்தபோது டோபின் அடுப்பின் மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றான்.