அசல் அல்ல, தொடரவா?

அலுவலகத்திலிருந்து வந்தவள் முகம்கூடக் கழுவாமல், மகளின் பள்ளிக்கூடப் படங்களை அச்சடிக்க உட்கார்ந்தேன். பிரிண்டர் வழக்கம்போல முரண்டு பிடித்தது. விலை குறைவென்று வேறு கம்பெனி இங்க் கார்ட்ரிட்ஜ் போட்டதிலிருந்து ஒவ்வொரு முறையும் அதன் திரையில் இதே கேள்விதான்: ‘இது அசல் அல்ல. தொடரவா?’

“மை ஒழுங்காத்தானே வருது? அப்புறம் என்ன உனக்கு?” என்று அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

மத்தியானம் நாத்தனாரும் போனில் இதையேதான் கேட்டாள்: “என்ன இருந்தாலும் அவளைப் பெத்தவ மாதிரி ஆகுமா?” இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பதில் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

மகள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

“அது அப்படித்தான் கேட்டுக்கிட்டே இருக்கும். நீங்க கண்டுக்காதீங்க, சித்தி.”