விரல் பேரம்

ஈரத்துணியை அப்பாவின் நெஞ்சில் விரித்துக்கொண்டிருந்தபோது டேகாவுக்கு ஆடுகளின் கத்தல் கேட்டது. துறைமுகத்துப் பக்கமிருந்து. எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினாள். உலைவாயை மூடலாம், ஆட்டுவாயை மூட முடியுமா?

வார்சமே மாமா வாசலிலேயே நின்றார்.

“கப்பல் திரும்பிடுச்சு. அக்கரையில ஒரு ஆட்டைக்கூட இறக்க விடலையாம்.”

“மெதுவா பேசுங்க மாமா. நோய் இல்லைன்னு சீட்டு குடுத்தோமே?”

“அப்படியொரு நாடே இல்லைங்கிறான். இல்லாத நாட்டு முத்திரைக்கு என்ன மதிப்பு? பிரிஞ்சு வந்தோம், கொடி தச்சோம், நோட்டடிச்சோம். பத்து ஆட்டை விக்க வக்கில்ல நமக்கு.”

“அப்பாவுக்குத் தெரியவேணாம். நிம்மதியா போகட்டும்.”

இந்த நாட்டுக்காக மூத்த மகனைப் போரில் கொடுத்தவர் அவள் அப்பா குலேத். ஆடு கடல் தாண்டினால் நாடு தானே நிமிரும் என்று பெர்பெரா சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்த தரகர். அவர் வாக்கை நம்பித்தான் மேய்ப்பர்கள் அந்தக் கப்பலில் ஆடு ஏற்றினார்கள்.

உள்ளே அவர் விழித்திருந்தார்.

“என்ன சத்தம்?”

“அடுத்த கப்பலுக்கு ஏத்துறாங்கப்பா. போன சரக்கெல்லாம் வித்துடுச்சு.”

“என்ன விலைக்கு?”

அவர் போர்வைக்கடியில் கையை நீட்டினார். சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துணிக்கடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே பேரம். கையை உருவிக்கொண்டால் பேரம் முறிந்தது.

டேகா அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். உச்ச விலை.

“தண்ணி கேட்டுக் கத்துதுடி அது,” என்றார் அப்பா. “ஏறப்போற ஆடு இப்படிக் கத்தாது.”

ஒவ்வொரு விரலாக உருவினார். சுண்டுவிரல் மட்டும் மிஞ்சியது. அதை அவள் விடவில்லை. அதையும் உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு பேசவே இல்லை. மாலைத் தொழுகைக்கு முன் மூச்சு நின்றது.

சாகப்போகிறவர் ஒரு பொய்யை வாங்கிக்கொண்டு போனால்தான் என்ன? அவளுக்கு மனம் ஆறவில்லை.

முற்றத்தில் பாய்களைக் கட்டி மறைத்து ஆண்கள் உடலைக் குளிப்பாட்டினார்கள். துறைமுகத்தில் தீவனமில்லை என்று அவிழ்த்துவிட்ட ஆடுகள் அதற்குள் தெருவெங்கும் வந்துவிட்டிருந்தன. பாய்க்கடியில் வழிந்த தண்ணீருக்கு அவை முட்டிமோதி வாய் வைத்தன.

துக்கத்துக்கு வந்திருந்த மேய்ப்பர்கள் கையில் கோலோடுதான் நின்றார்கள். ஒருவரும் விரட்டவில்லை.