இரண்டு பேரும் கேட்ட ஒரே ரீல்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அக்கா போனில் போட்ட சண்டையில் கிடைத்தது. "கதை எழுதுறேன்னு திரியுறியே, என் பொழப்ப எழுதேன்டா. படிக்கிறவன் தலையில அடிச்சுக்குவான்" என்றாள். இப்போதைக்கு அடித்துக்கொண்டிருப்பது நான்தான்.

முதல் தொடக்கம்: நகக்கண் அளவுள்ள ஒரு சிப்புக்காக உலகமே...

வேண்டாம். உலகத்தை உள்ளே விட்டால் அக்கா வெளியே போய்விடுவாள்.

சரி, நேராகவே சொல்கிறேன். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் செய்கிற கம்பெனியில் அக்காவுக்குப் பிளானிங் வேலை. எந்தப் பொருள் எப்போது வரவேண்டும் என்று திட்டம் போடுபவள். பெட்டி வந்துவிட்டது, மூடி வந்துவிட்டது, விசிறியும் வந்துவிட்டது. சூட்டைக் கட்டுப்படுத்தும் சிப் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரிகளோ தினமும் போன் போட்டு உயிரை எடுக்கின்றன.

2

தட்டுப்பாட்டுப் பயத்தில் அக்கா அதே சிப்பை நாலு ஏஜென்டிடம் ஆர்டர் போட்டாள். (எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் போட்டது. இல்லாத தேவையெல்லாம் வரிசையில் வந்து நின்றதில் இருந்த கொஞ்சம் சிப்பும் காணாமல் போனது. இதைக் கட்டுரையாக எழுதியிருக்கலாம். யார் படிப்பார்கள்?)

கடைசியில் ஓர் ஏஜென்ட் சொன்னார்: "சிப் வரிசையாச் சுத்தி வச்ச ரீல் ஒண்ணே ஒண்ணு இருக்கு மேடம். அதையே ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியும் கேக்குது."

அந்தக் கம்பெனியில் பிளானிங் பார்ப்பவர் என் மாமா. அதாவது அக்காவின் கணவர்.

(இட்டுக்கட்டியது என்பீர்கள். எனக்கே அப்படித்தான் பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்று மாற்றிப் பார்த்தேன். "கட்டிக்கிட்டவரப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புறியா?" என்று அக்கா பாய்ந்தாள்.)

3

அன்று மாலை மாமா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த ரீலக் கேட்டது நீங்களா?"

கத்தி நின்றது. "ஆபீஸ் விஷயத்த வீட்டுக்குள்ள கொண்டுவராதே."

"ஏற்கெனவே வந்தாச்சு. எதிர்ல நின்னு வெங்காயம் நறுக்குது."

"மெஷின் பூட்டுற லைன் நின்னா ஒப்பந்த ஆளுங்க அத்தன பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"துணியக் கையால துவைக்கலாம். குழந்தைக்கு அந்தச் சூட்டக் கையால கொடுக்க முடியுமாங்க?"

மாமா அலட்சியமாக... மாமா சிரித்துக்கொண்டே... [இரண்டையும் விட்டுவிட்டேன். அவரைக் கெட்டவராக்கினால் என் வேலை சுலபம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்து தொலைக்கிறது.]

உண்மையில் அவர் மிச்ச வெங்காயத்தை நறுக்கி முடித்தார். அக்கா சாப்பிடவில்லை.

4

ஏஜென்டுக்கு வாஷிங் மெஷின் கம்பெனிதான் பெரிய வாடிக்கை. ரீல் அங்கே போயிற்று. மறுநாள் அக்கா, ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மாமாவின் ஆபீஸ் எண்ணுக்குப் போன் போட்டாள்.

"சார், உங்க ரீல்ல பாதி கொடுத்து உதவணும். எங்க சரக்கு வந்ததும் திருப்பிடுறோம்."

கட்டிய மனைவி 'சார்' என்றதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முதலாளிகிட்டக் கேட்டுச் சொல்றேன்... மேடம்."

5

முடிவு ஒன்று: முதலாளி மனம் உருகிப் பாதியைக் கொடுக்கிறார். (அக்கா: "அந்த முதலாளி அட்ரஸக் கொடு, நான் அங்கயே வேலைக்குப் போறேன்.")

முடிவு இரண்டு: முதலாளி மறுக்க, மாமா வேலையை உதறிவிட்டு வெளியே... (மாமா: "உதறிட்டு? உனக்கென்னப்பா, எழுதிட்டுப் போயிடுவே.")

இந்த இரண்டு பேரோடு இனி மல்லுக்கட்ட என்னால் ஆகாது. முதலாளியையும் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் நாற்காலி காலி. அதில் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். வந்திறங்கிய ரீலுக்காக லைன் காத்திருக்கிறது. கதவு திறக்கிறது, மாமா உள்ளே வருகிறார்.

"சார், ஒரு விஷயம் கேக்கணும்."

சொல்லுங்கள்.